எட்டு போடச் சொன்னவரு ஐஸ்ல உக்காந்த கதை

கத்துக்குடுத்தாராமா? அவரா? எனக்கா?

ஜூடித், நீ அந்த டீயைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியைப் பாரு. அங்கிள் சொன்னா அப்படியே நம்பிடுவியா? "உடம்பு முடியலை, அதான் என் எடத்தை ஆன்ட்டிக்கு விட்டுக்குடுத்தேன், ட்ரெயினிங்கும் நானே குடுத்தேன்"னு உன் வீட்டுக்காரர் தாமஸ்கிட்ட கராஜுல நின்னு சொன்னாராக்கும். நீயும் அதைக் கேட்டுட்டு, அங்கிளுக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு கேக் வேற செஞ்சு எடுத்துட்டு வந்திருக்க. கேக் நல்லாத்தான் இருக்கு. முட்டை வாடையே வரலை. ஆனா குடுக்க வந்த ஆளு தப்பு.

நடந்ததை வெளியாளுக யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. நீ வெளியாளா? பக்கத்து வீடு. உங்க வீட்டு வைஃபையே எங்க அடுப்படி வரைக்கும் வருது. அதனால சொல்றேன், கேட்டுக்க.

உனக்கு அங்கிளைப் பத்தி என்ன தெரியும்? ரிட்டையர்ட் ஆளு, தாடியை அழகா ட்ரிம் பண்ணுவாரு, நாய் கூட்டிட்டுப் போறவங்க எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லுவாரு. எனக்குத் தெரிஞ்ச பசீர் அகமது வேற. தஞ்சாவூர்ல மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர். ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு வர்றவனையெல்லாம் "எட்டு போடு"ம்பாரு. டூவீலர் லைசென்ஸ் வேணும்னா அங்க எட்டாம் நம்பர் மாதிரி வண்டியை வளைச்சு வளைச்சு ஓட்டிக் காட்டணும். நடுவுல காலைத் தரையில ஊனினா ஃபெயில். யாரா இருந்தாலும் ஃபெயில். என் கூடப்பொறந்த தம்பியையே ஃபெயில் பண்ணாரு. நிக்காஹ் பேசி முடிச்ச பையன், ஆசையா ஸ்கூட்டர் வாங்கி வச்சிருக்கான், அவன் கட்டைவிரல் நுனி தரையில பட்டுருச்சாம். "மச்சினனா இருந்தா என்ன, தரை தரைதான்"னுட்டாரு. அவன் மாப்பிள்ளை அழைப்புக்கு சைக்கிள்ல வந்தான். எங்க உம்மா மவுத்தாகற வரைக்கும் இவருக்கு ரெண்டாந்தடவை குழம்பு ஊத்தலை.

அப்பேர்ப்பட்டவரு இங்க அமெரிக்கா வந்து லைசென்ஸே எடுக்கலை. ஏன்னு கேளு. "என்னை ஒருத்தன் டெஸ்ட் பண்றதா?" அந்த ரோஷம். எங்க போறதா இருந்தாலும் வயசானவங்களுக்கு டவுன்ஷிப் விடற சீனியர் பஸ்தான்.

சரி, ஐஸுக்கு வர்றேன்.

எங்க பேத்தி ரிதா ஐஸ் ஸ்கேட்டிங் கிளாஸ் போறது உனக்குத் தெரியும். போன அக்டோபர்ல ஒருநாள் ஸ்கூல்லேருந்து வந்து பையைக்கூட கழட்டலை, நேரா என்கிட்ட வந்து, "நன்னி, வில் யூ ஸ்கேட் வித் மீ?"ங்குது. என்னடான்னா ரிங்க்ல வின்டர் ஷோவாம். ஒவ்வொரு புள்ளையும் வீட்டுப் பெரியவங்க ஒருத்தரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு ஐஸை ஒரு சுத்து சுத்தி வரணுமாம். நான் ஃப்ரீஸர்லேருந்து மீன் எடுக்கவே கிளவுஸ் போடறவ.

அங்கிள் சோஃபாவுல உக்காந்து டேப்லெட்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. மெதுவா அதை இறக்கினாரு.

"எதுக்கு நன்னி? உன் நன்னா நான் இருக்கேன்ல?"

"பட் நன்னா, நன்னி இஸ் ஃபன்."

அவ்ளோதான் சொல்லிச்சு புள்ளை. அந்த ஆளு மூஞ்சியை நீ பாத்திருக்கணும். அரசாங்கம் சஸ்பெண்ட் பண்ண மாதிரி. புள்ளை மாடிக்குப் போனதும் என் பக்கம் திரும்பினாரு.

"ஹபீஸா, நீ போகக்கூடாது."

"நான் போறேன்னே சொல்லலையே."

"சொல்லப்போற மூஞ்சி அது. ஐஸுங்கறது ரோடு இல்ல. க்ரிப்பே கிடையாது. ஒரு இன்ஸ்பெக்டரா சொல்றேன், அது மனுஷன் கால் வைக்கத் தகுதியில்லாத எடம். உன் வயசென்ன, உன் எலும்பென்ன. உடைஞ்சா யாரு பாக்கறது?"

"புள்ளை ஆசையா கேக்குதுங்க."

"புள்ளை யூனிகார்ன் கூடத்தான் கேக்கும். முடியாதுன்னா முடியாது."

அவரு மட்டும் "பாத்துப் போ"ன்னு சொல்லியிருந்தா நான் பயந்து வீட்டுலயே இருந்திருப்பேன், ஜூடித். முடியாதுன்னாரு பாரு, அப்பதான் எனக்கு முட்டிக்குள்ள ஒரு தெம்பு வந்துச்சு. புள்ளை கையைப் பிடிச்சு அந்த ஒரு சுத்து நான் வரணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்னு ஆயிருச்சு.

மருமக மஹாவுக்கு ஃபார்மஸியில வியாழக்கிழமை லீவு. "மாமி, பெரியவங்களுக்குன்னே காலையில கிளாஸ் இருக்கு. மாமாகிட்ட இந்தியன் ஸ்டோருக்குப் போறோம்னு சொல்லிட்டுக் கெளம்பிடலாம்"னா. தங்கமான பொண்ணு. பொய்யா ஆயிடக்கூடாதேன்னு திரும்பி வர்றப்ப ஒரு கட்டு கொத்தமல்லி மட்டும் வாங்கிட்டு வருவோம். எங்க வீட்டுல அந்தக் குளிர்காலம் முழுக்க கொத்தமல்லி சாதம், கொத்தமல்லித் துவையல், கொத்தமல்லி ரசம். அங்கிள் ஒருநாள் தட்டைப் பாத்துட்டு, "எனக்கு ஏதாச்சும் சத்துக் குறையுதா?"ன்னு கேட்டாரு.

முத நாளு. உள்ள நுழைஞ்சதுமே மூக்கு மரத்துப் போச்சு. ஒரு பெரிய வண்டி வந்து ஐஸுக்கு இஸ்திரி போட்டுட்டுப் போகுது. பூட்ஸுன்னு ஒண்ணு குடுத்தாங்க, அடியில கத்தி. குனிஞ்சு லேஸ் கட்ட எனக்கு வயிறு விடலை. மஹா கீழ உக்காந்து என் காலைத் தன் மடியில வச்சுக் கட்டறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மருமக நம்ம காலைத் தூக்கி மடியில வைக்கறதுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? என் மாமியாருக்கு நான் நகம்தான் வெட்டிவிட்டிருக்கேன். அதுக்கே அவங்க நாத்தனார்கிட்ட, "இவ என்னவோ எழுதி வாங்கப் பாக்கறா"ன்னு சொன்னவங்க. அது தனிக்கதை, அப்புறம் சொல்றேன்.

கோச்சு பேரு மெகன். சின்னப் பொண்ணு, கன்னம் தக்காளி. என்னை ஐஸுக்குள்ள கூட்டிட்டுப் போயி நிறுத்திட்டு முதல் பாடமா என்ன சொல்லிக் குடுத்தா தெரியுமா? விழறதுக்கு. நான் மஹாவைப் பாக்கறேன். இதுக்கு எதுக்குடி கிளாஸு, இதை நானே வீட்டுல ஃப்ரீயா விழுவேனே? இல்லையாம். முட்டியை மடக்கி, பக்கவாட்டுல, மெத்துனு விழணுமாம். விழுந்தேன். மெத்துனு இல்லை. குளிரு எங்கெல்லாம் ஏறுச்சுன்னு உன்கிட்ட சொல்ல முடியாது, நீ சின்னப் பொண்ணு.

அடுத்தது எழும்பணும். நாலு கால்ல நின்னு, ஒரு பாதத்தைக் கைக்கு நடுவுல கொண்டாந்து, ஊனி எழுந்திரிக்கணும். மெகன் செஞ்சு காட்டறா. நான் பாத்துட்டே இருக்கேன். அட, இது எனக்குத் தெரியுமே. தொழுகையில சஜ்தாவுல நெத்தியை வச்சுட்டு எழும்பறது இதுதானே. நான் இந்த வயசுலயும் தரையிலதான் தொழறேன், பிடிமானம் கேட்டதே இல்லை. மனசுக்குள்ள அல்லாஹு அக்பர்னேன், எழுந்து நின்னுட்டேன். அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிச்சு. "மோஸ்ட் பீப்புள் டேக் வீக்ஸ்"ங்கறா.

எழுந்து நின்ன ஜோருல காலு தானா வழுக்குச்சு பாரு. ஒரு முழம் தூரம் இருக்கும். நான் நடக்கலை, யாரும் தள்ளலை, ஆனா போறேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து "இங்க வா, அங்க போ"ன்னு யாராச்சும் சொல்லித்தான் என் காலு நகர்ந்திருக்கு. யாரும் சொல்லாம அது நகர்ந்தது அன்னைக்குத்தான். எனக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியலை. கண்ணுல வந்தது அங்கயே உறைஞ்சிருச்சு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீட்டுல வேற ஒண்ணு நடக்குது.

அங்கிள் செவ்வாய்க்கிழமையானா, "மால்ல வாக்கிங் போறேன்"னு சீனியர் பஸ்ல ஏறிடுவாரு. திரும்பி வர்றப்ப பேன்ட்டு பின்பக்கம் வட்டமா ஈரம். "என்னங்க இது?" "பெஞ்சுல யாரோ தண்ணி ஊத்தி வச்சிருக்கான்." அடுத்த வாரமும் ஈரம். "தண்ணி பாட்டில் சாஞ்சுருச்சு." அதுக்கடுத்த வாரம் முன்பக்கமும் சேர்ந்து ஈரம். அன்னைக்கு எங்கிட்ட பேசாம நேரா ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டாரு.

துணி துவைக்கப் போட்ட மஹா லாண்டரி ரூமுலேருந்து ஒரு மாதிரி மூஞ்சியோட வந்தா. காதுகிட்ட வந்து, "மாமி, மாமாவுக்கு... அடக்க முடியலையோ?"ன்னா.

யா அல்லாஹ், எட்டு போடச் சொன்ன மனுஷனுக்கா இந்தக் கதி?

உங்க வீட்டுல எப்படியோ தெரியாது ஜூடித், எங்க வீட்டுல இதைப் போய் அவருகிட்டயே நேரா கேக்கற பழக்கம் கிடையாது. மருமக மாமனாருகிட்ட கேக்க முடியுமா? மகன் அத்தாகிட்ட கேப்பானா? பொண்டாட்டி கேட்டா அவரு மானம் போயிடும். அதனால யாரும் ஒரு வார்த்தை பேசலை. எல்லாரும் காரியத்துல இறங்கிட்டோம். சாயந்தரம் டீ கட். பார்லித் தண்ணி. தர்பூசணி வீட்டுக்குள்ள வரக்கூடாது. சோஃபாவுல அவரு உக்கார்ற எடத்துக்கு மஹா பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட் விரிச்சா. என் மகன் ஜுஹைர், பாவம், பாத்ரூம் போற வழியெல்லாம் சின்னச் சின்ன லைட்டு ஒட்டினான், ஏரோப்ளேன் இறங்கற மாதிரி. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஃபோன் போட்டு, "என் ஃப்ரெண்டோட அத்தாவுக்கு இப்படி இருக்கு, கை கால் கழுவற ஒளு எப்படி, தொழுகை எப்படி"ன்னு சட்டம் கேட்டான். ஹஜ்ரத் எல்லாம் சொல்லிட்டு, "உங்க அத்தாவுக்கு சலாம் சொல்லுங்க"ன்னாராம்.

அங்கிள் இதுக்கெல்லாம் ஒரு கேள்வி கேக்கலை. பார்லித் தண்ணி சுகருக்குன்னு நெனச்சுக்கிட்டாரு. பிளாஸ்டிக் ஷீட் அமெரிக்காவுல எல்லா வீட்டுலயும் குளிர்காலத்துக்கு விரிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டாராம். லைட்டைப் பாத்துட்டு, "கிறிஸ்மஸ் வருதுல்ல, அக்கம்பக்கத்துக்காக மாட்டியிருப்பான். நல்ல பழக்கம்"னாரு.

நான் தொழுது தொழுது துவா கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்ப ஒரு வியாழக்கிழமை, என் பேரை எழுதிக்கிட்டு இருந்த மெகன் திடீர்னு நிமிர்ந்து, "அகமதா? செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மிஸ்டர் அகமது இருக்காரு. ஸ்வீட் மேன். சோ பிரேவ். அந்த சீலை மட்டும் விடவே மாட்டாரு"ங்கறா.

சீல்னா நீலக்கலர் பிளாஸ்டிக்ல கடல்நாய் பொம்மை. நிக்கத் தெரியாத சின்னப்புள்ளைங்க அதைப் பிடிச்சுக்கிட்டு ஐஸ்ல நகரும். நான் சிரிச்சுட்டு, யாரோ குஜராத்தி தாத்தாவா இருக்கும்னேன். அந்தப் பொண்ணு ஃபோனை எடுத்து ஒரு வீடியோ காட்டிச்சு.

குரங்குக் குல்லா. என் மகனோட பழைய கிளவுஸு. சீலோட ரெண்டு காதையும் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு, பென்குயினுக்குப் பிரசவ வலி வந்த மாதிரி ஒருத்தர் போறாரு. அப்படியே தொப்புனு உக்கார்றாரு. எழுந்திரிக்க வரலை. அதே ஈரம். அதே வட்டம்.

மஹா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

"மாமி, அப்ப மாமாவுக்கு..."

"ஒண்ணும் இல்லடி. கல்லு மாதிரி இருக்காரு."

அல்ஹம்துலில்லாஹ்னு முதல்ல சொன்னேன், பொய் சொல்லக்கூடாது. அதுக்கப்புறம்தான் கோவம் வந்துச்சு. எனக்கு எலும்பு உடையுமாம், மனுஷன் கால் வைக்கத் தகுதியில்லாத எடமாம். என்னை வீட்டுல பூட்டிட்டு, புள்ளைகூட தான் போகப் பாக்கறாரு. எதுக்குன்னு கார்ல மஹாதான் சொன்னா. அவ அத்தா, டெக்ஸாஸ்ல ஆலன்ல இருக்கற எங்க சம்மந்தி நெய்னா முகம்மது, ஷோவுக்கு வர்றாரு. அவருகிட்ட இவரு ஃபோன்ல, "வாங்க வாங்க, ஐஸ்ல ரிதா கையைப் பிடிச்சு யாரு வர்றான்னு பாருங்க"ன்னு சொல்லியிருக்காரு.

சம்மந்தி முன்னாடி இவருக்கு எப்பவும் இந்த வியாதி உண்டு. நாங்க முத தடவை நியூவர்க்ல வந்து இறங்கினப்ப, எல்லாரையும் மாதிரி நாங்களும் ரெண்டு வீல்சேர் போட்டுத்தான் வந்தோம். நடக்க முடியாம இல்லை, இமிக்ரேஷன்ல கேள்விக்கு பதில் சொல்ல அந்தத் தள்ளற ஆளு ஒத்தாசையா இருப்பான்னு. வெளிய சம்மந்தி பூங்கொத்தோட நிக்கறதைப் பாத்ததும் இவரு வீல்சேர்லேருந்து குதிச்சு ஓடிப்போய் கட்டிப் பிடிச்சாரு. தள்ளிட்டு வந்த ஆப்பிரிக்காக்காரன் மேல பாத்து கைய விரிச்சு என்னவோ ஓதினான்.

"மாமி, வீட்டுல சொல்லிடலாமா? பிளாஸ்டிக்கை எடுத்துடவா?"ன்னா மஹா.

"எதுக்கு? இருக்கட்டும். பார்லியைக் கூட்டு."

வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு வாய்ப்பு குடுத்துப் பாத்தேன்.

"ஏங்க, என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்லையே."

"செவ்வாய்க்கிழமை வாக்கிங் எப்படி?"

"நல்ல ஸ்பீடு."

"பாட்டில் சாயலையா?"

"லேசா."

"மூடி சரியில்லைங்க, மாத்திடுங்க"ன்னுட்டு கொத்தமல்லி ஆயப் போயிட்டேன்.

ஷோவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ஐஸ்ல வரப்போற பெரியவங்க எல்லாரும் வந்து கோச்சுகிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டணும்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை, செவ்வாய்க்கிழமை கிளாஸு ரெண்டும் ஒண்ணா. மஹா லீவு போட்டா. நான் ஹிஜாபை இறுக்கிப் பின் குத்தி, முட்டிக்கு பேட் கட்டி, கையை வீசிக்கிட்டு ஐஸுக்குள்ள வர்றேன். எதிர்ல சீலைத் தள்ளிக்கிட்டு அவரு வர்றாரு.

அவரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்தேன். நடுவுல அந்த சீல் ரெண்டு பேரையும் பாத்துச்சு.

"ஹபீஸா?"

"ஆமா."

"நீ... இங்க என்ன பண்ற?"

"கொத்தமல்லி வாங்க வந்தேன். நீங்க?"

"வாக்கிங்."

"வாக்கிங்குக்கு எதுக்குங்க கடல்நாயி?"

மெகன் வந்துட்டா. "ஓ, யூ டூ நோ ஈச் அதர்?"

"கொஞ்சம் தெரியும்"னேன்.

டெஸ்ட்டு ரொம்ப சிம்பிள் ஜூடித். சீலை விட்டுரணும். கொஞ்ச தூரம் வழுக்கணும். விழணும். தானா எழுந்திரிக்கணும். அவ்ளோதான். எனக்கு முன்னாடி அவரு. சீலை விடுங்கன்னு மெகன் சொல்றா, இவரு விரல் ஒவ்வொண்ணா எடுக்கறாரு. எடுத்து முடிச்சதும் விழுந்துட்டாரு. விழற பாகத்துல முழு மார்க்கு. எழும்பணுமே. முட்டி வலிக்குதுன்னு அமெரிக்கா வந்ததுலேருந்து நாற்காலியில உக்காந்துதான் தொழறாரு, தரையிலேருந்து எழுந்து வருஷக்கணக்காச்சு. இப்படிப் பிரளறாரு, அப்படிப் பிரளறாரு. காலு ஊனினா ஃபெயில்னு ஒரு ஜில்லாவுக்கே சொன்னவரு, ஊன ஒரு காலு கெடைக்காம ஐஸ்ல உக்காந்திருக்காரு. என் தம்பி அங்க இல்லையேன்னு இருந்துச்சு.

ஹாக்கி ஆடற தடிப்பசங்க ரெண்டு பேரு வந்து கக்கத்துல கை குடுத்துத் தூக்கி நிறுத்தினாங்க.

"மே பி நெக்ஸ்ட் இயர், மிஸ்டர் அகமது"ங்கறா மெகன்.

"ஃபெயிலா?"

"வி டோன்ட் சே ஃபெயில் ஹியர்."

"அப்ப பாஸா?"

"நோ."

அதுக்கப்புறம் நான் போனேன், விழுந்தேன், சஜ்தா, எழுந்தேன். அவரு ஓரத்துல பெஞ்சுல உக்காந்து பாத்தாரு. கார்ல மருமக இருக்காளேன்னு வாயைத் திறக்கலை. வீட்டுக்கு வந்ததும் ரூமுக்குள்ள கூப்பிட்டு கதவைச் சாத்தினாரு.

"ஹபீஸா, நான் விழுந்ததை சம்மந்திகிட்ட சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்?"

"நீயே ரிதாகூட போயிட்டு வா. என்ன?"

"எனக்குத்தான் எலும்பு உடையுமே. வேண்டாங்க, நீங்க சொன்னா சொன்னதுதான்."

"அட, அது அப்ப சொன்னது. போயேன். யாராச்சும் போகலைன்னா புள்ளை அழும். கெஞ்சிக் கேக்கறேன், போ."

கேட்டியா? கெஞ்சினாரு. அதான் உங்க அங்கிள் விட்டுக்குடுத்த லட்சணம்.

"சரி, போறேன். ஆனா நீங்க ஏன் போகலைன்னு சம்மந்தி கேப்பாரே? ஃபோன்ல அவ்ளோ சொல்லியிருக்கீங்க."

"ஏதாச்சும் காரணம் சொல்லு."

"புதுசா எதுக்குங்க? வீட்டுல ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

அப்பதான் ஜூடித் எனக்கே தெரிஞ்சுது, இந்த மனுஷனுக்கு இது எதுவுமே தெரியாதுன்னு. பேன்ட்டுலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சொன்னேன். பார்லி. பிளாஸ்டிக் ஷீட். லைட்டு. அவரு கட்டில் விளிம்புல உக்காந்துட்டாரு. நெறம் மாறிப் போச்சு.

"மஹாவுக்குத் தெரியுமா?"

"அவதான் கண்டுபிடிச்சா."

"ஜுஹைருக்கு?"

"அவன்தான் லைட்டு."

"ஹஜ்ரத் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல என் தோளைத் தட்டி, 'அல்லாஹ் லேசாக்குவான்'னு சொன்னாரே..."

"அதான்."

ஐஸ்ல விழுந்தப்பகூட அவரு மூஞ்சி அப்படி இல்லை. நான் சொன்னேன்: "ஏங்க, ரெண்டு வழி இருக்கு. சம்மந்திகிட்ட டெஸ்ட்டுல தேறலைன்னு உண்மையைச் சொல்லிடுங்க. வீட்டுல சந்தேகமும் தீந்துரும். இல்லைன்னா உடம்பு முடியலைன்னு சொல்லுங்க. ரெண்டும் வேணும்னா முடியாது."

உனக்கு எனக்கு யாருக்கா இருந்தாலும் எதைச் சொல்லுவோம்? தேறலைன்னு சிரிச்சுட்டுப் போயிருப்போம். அவரு யோசிச்சாரு. எழுந்து கண்ணாடியைப் பாத்தாரு. அப்புறம் தாடியைத் தடவிக்கிட்டே, "நோய் யாருக்கும் வரலாம், ஹபீஸா. அல்லாஹ் குடுக்கறது. ஃபெயிலுங்கறது மனுஷன் பண்றது"ன்னாரு.

அன்னைக்கு சாயந்தரம்தான் சம்மந்தி ஷோவுக்காக டெக்ஸாஸ்லேருந்து வந்து இறங்கினாரு. ராத்திரி சாப்பாட்டுல பிரியாணியில கை வச்சதும் ஆரம்பிச்சாரு. "என்ன சம்மந்தி, ஐஸ்ல நீங்கதானே? ஃபோன்ல அப்படிச் சொன்னீங்களே."

இவரு தொண்டையைச் செருமினாரு. "ஆசைதான் சம்மந்தி. ஒரு சின்ன... கட்டுப்பாட்டுப் பிரச்சினை. டாக்டர் குளிர் ஆகாதுங்கறாரு."

எந்த டாக்டரு? நான் ரைத்தாவைக் கிண்டிக்கிட்டே இருந்தேன். மஹா தண்ணி எடுக்கப் போறேன்னு போனவ ஃப்ரிட்ஜ் கதவுக்குப் பின்னாடி நின்னு குலுங்கறா. ஜுஹைர் கண்ணுல தண்ணி, அத்தா மனசு விட்டுப் பேசிட்டாரேன்னு. சம்மந்தி தங்கமான மனுஷன். சாப்பிடறதை விட்டுட்டு எழுந்து வந்து இவரைக் கட்டிப் பிடிச்சு, "எங்க பெரியண்ணனுக்கும் இருந்துச்சு. இதுல என்ன வெக்கம்? நான் இருக்கேன்ல"ன்னாரு. எச்சில் கை முதுகுல படாம கட்டிப் பிடிச்சாரு பாரு, அதான் வளர்ப்பு.

ஷோ அன்னைக்கு லைட்டெல்லாம் அணைச்சு, பாட்டு போட்டு, ரிதா என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சு. பாதி சுத்து வந்ததும், "நன்னி, யூ டோன்ட் நீட் மீ"ன்னுட்டு கையை விட்டுருச்சு. எனக்கு உசுரே போச்சு. ஆனா போறேன். கையில ஒண்ணும் இல்லை, முன்னாடி வெள்ளையா ஐஸு, பக்கத்துல அது சிரிச்சுக்கிட்டே வருது. கடைசி வளைவுல விழுந்தேன். எல்லாரும் ஐயோன்னாங்க. நான் ஒண்ணும் பதறலை. சஜ்தா, பாதம், ஊனு, எழும்பு. அந்த மண்டபமே கை தட்டுச்சு. ரிதா அழுதுருச்சு, நானும்தான்.

அப்ப மேலேருந்து ஒரு குரலு. "முட்டியை மடக்கு ஹபீஸா, முட்டியை மடக்கு. நான் சொல்லிக் குடுத்த மாதிரி." பெஞ்சு மேல ஏறி நின்னு கத்தறாரு. சுத்தி இருக்கறவங்க எல்லாம் அவருக்குக் கை குடுக்கறாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சுது இந்தக் கோச்சு வேஷம். பள்ளிவாசல்ல ரெண்டு பேரு தங்க பொண்டாட்டியை அனுப்பட்டுமான்னு கேட்டிருக்காங்க. நீ கேக்கோட வந்திருக்க.

இப்ப அவரு எங்கயா? ஜன்னல் வழியா பாரு. எதிர்வீட்டு கந்தசாமி சாரை டிரைவ்வேயில நிறுத்தி வச்சு, எப்படி விழணும்னு பாடம் எடுத்துக்கிட்டு இருக்காரு. அந்த மனுஷனும் பாவம், குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாரு.

இரு, டெலிவரி வண்டி நிக்குது. ஆமா, எங்க வீட்டுக்குத்தான். ஆலன் சம்மந்தி சொன்ன சொல்லு தவறாதவரு, மாசாமாசம் வர்ற மாதிரி இவரு பேருல ஆர்டர் போட்டு வச்சிருக்காரு. பெட்டியைப் பாத்தியா, எவ்ளோ பெருசு. மேலேயே டயபர் படம் போட்டு, பெரியவங்களுக்கு, எக்ஸ்ட்ரா லார்ஜ், ஓவர்நைட்டுன்னு ரோட்டுக்கே தெரியற மாதிரி எழுதியிருக்கு. அந்தப் பையனும் அதைக் கொண்டுபோய் கந்தசாமி சார் காலடியிலதான் வைக்கணுமா?

ஏங்க. கோச்சு சார். பாடம் போதும், உங்க பெட்டி வந்திருக்கு, உள்ள தூக்கிட்டு வாங்க.